தேறிய காணிகளும் தேறாத ஆறும்: ஒக் றிட்ஜஸ் மேடும் நீர்த்தர மீளாய்வும்

ரொறன்ரோவுக்கு வடக்கே வயல்களும் காடுகளும் வீட்டுத் திட்டங்களாக மாறும்போதெல்லாம் அதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: புதிதாக வந்தவர்களுக்கு வீடு வேண்டும். இந்தப் 'புதிதாக வந்தவர்கள்' என்ற சொல்லுக்குள் நாமும் அடக்கம். எமது பெயரைச் சொல்லி நடைபெறும் ஒரு காரியத்தை நாம் எப்போதாவது வாசித்துப் பார்த்திருக்கிறோமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. எமது சஞ்சிகைகள் தேசியத்தை விவாதித்தன, சாதியை விவாதித்தன, பெண்விடுதலையையும் பின்நவீனத்துவத்தையும் விவாதித்தன. நாம் இருபது, முப்பது வருடங்களாக வாழ்கின்ற இந்த நிலத்தின் நீர் எங்கிருந்து வருகிறது, அந்த நீரின் தலையில் வீடு கட்டுவதற்கு யார் யாரிடம் அனுமதி பெறுகிறார்கள் என்பதை விவாதிக்கவில்லை. அது வெள்ளையர்களின் ஓய்வுநேரக் கவலை என்று ஒதுக்கிவிட்டோம்.

காணி அபிவிருத்திக்கு முன்னர் செய்யப்படும் நீர்த்தர மீளாய்வு என்பது, கட்டப்படப்போகும் வீடுகளும் வீதிகளும் அண்டியுள்ள ஓடைக்கும் நிலக்கீழ் நீருக்கும் என்ன செய்யும் என்று முன்கூட்டியே பரிசீலித்து, 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லும் நடைமுறை. பெரும்பாலும் பொறியியலாளர்களின் விடயமாகவே இது கருதப்படுகிறது. நான் இதனை ஒரு அரசியல் பிரதியாக வாசிக்க முயல்கிறேன். எனது வாதம் சுருக்கமானது: இந்த மீளாய்வு ஒவ்வொரு காணியையும் தனித்தனியே பார்க்கிறது, ஆறோ கூட்டுத்தொகையில் சாகிறது. கூட்டுத்தொகையைப் பார்க்கவென்று இம்மாகாணத்தில் ஏற்படுத்தப்பட்டிருந்த அமைப்பின் வாய் 2022 இல் கட்டப்பட்டது.

1. மேடு

ஒக் றிட்ஜஸ் மொறெயின் எனப்படுவது மேற்கே நயாகராச் செங்குத்துச் சரிவிலிருந்து கிழக்கே ட்ரென்ற் ஆற்றை அண்டிய பகுதிவரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மணலும் பரலும் கொண்ட மேடு. பரப்பளவு சுமார் 190,000 ஹெக்ரேயர். கடைசிப் பனியுகத்தின் முடிவில், ஏறத்தாழ 12,000 வருடங்களுக்கு முன்னர், இரண்டு பெரும் பனிக்கட்டி மடல்கள் ஒன்றையொன்று விட்டு விலகிய இடைவெளியில் உருகுநீர் கொண்டுவந்து கொட்டிய படிவு இது. மழையும் உருகிய பனியும் இம்மணலுக்குள் இறங்குகின்றன. நிலத்தின் கீழே மெதுவாக நகர்ந்து, மேட்டின் இரு சரிவுகளிலும் குளிர்ந்த ஊற்றுகளாக வெளிப்படுகின்றன. 60 க்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் இங்கேதான் பிறக்கின்றன. ஹம்பர், டொன், றூஜ், டஃபின்ஸ் என்று எமது பேருந்துகள் நாள்தோறும் கடந்து செல்லும் ஆறுகள் அனைத்தும் தெற்குச் சரிவிலிருந்து இறங்கி ஒன்ராறியோ ஏரியில் சேர்பவை. எம்மவர்கள் செறிந்து வாழும் மார்க்கமும் ஸ்காபரோவின் கிழக்குப் பகுதியும் பெருமளவுக்கு றூஜ் ஆற்றின் நீரேந்துப் பகுதி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே மணல். இரண்டிலும் நீர் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே கொட்டுவது எதுவோ அது கீழே போய்ச் சேரும். ஆற்றை வரைபடத்தில் நீலக்கோடாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது எளிதில் பிடிபடாது. கிணற்றைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பிடிபடும்.

கோடையில் மழை இல்லாத வாரங்களிலும் றூஜின் கிளையோடைகள் வற்றாமலும் சூடேறாமலும் இருப்பதற்கு இந்த ஊற்றுநீரே காரணம். அவ்வோடைகளில் றெட்சைட் டேஸ் என்ற விரல் நீள மீன் வாழ்கிறது. நீருக்கு மேலே பறக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடித்து உண்ணும் மீன். நீர் கலங்கினால் அதற்கு இரை தெரியாது. சூடேறினால் வாழ முடியாது. ஒன்ராறியோவில் 2009 இலும், மத்திய சட்டத்தின் கீழ் 2017 இலும் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஒரு மீனுக்காக மனிதர்களின் வீட்டை நிறுத்துவதா என்று கேட்பவர்கள் உண்டு. மீன் இங்கே ஒரு அளவுகோல். அது போய்விட்டது என்றால் ஊற்று குறைந்துவிட்டது, மண் கரைந்து வருகிறது, நீர் சூடேறிவிட்டது என்று பொருள். இதே மாற்றங்கள் நிலக்கீழ் அறைகளில் குடியிருப்போரின் வாசலுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

2. விதி

2000 ஆம் ஆண்டு மே மாதம் ஒன்ராறியோவின் வோக்கர்டன் என்ற சிறு நகரில் குழாய்நீர் மூலம் பரவிய ஈ. கோலி பக்ரீரியாவினால் 7 பேர் இறந்தனர். ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட அவ்வூரில் சுமார் 2,300 பேர் நோயுற்றனர். நீதியரசர் டெனிஸ் ஓ'கொனர் தலைமையிலான விசாரணை 2002 இல் இரு பாகங்களாக வெளிவந்தது. நீர் வழங்கலை நடத்தியவர்களின் பொய்களையும் திறமையின்மையையும் பதிவுசெய்ததோடு அது நின்றுவிடவில்லை. சுற்றாடல் அமைச்சின் வரவுசெலவு வெட்டப்பட்டதையும், 1996 இல் அரச ஆய்வுகூடங்கள் மாநகரசபைகளின் குடிநீர்ப் பரிசோதனையிலிருந்து விலகியதையும், அதன்பின் தனியார் ஆய்வுகூடங்கள் கெட்ட முடிவுகளை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லாதிருந்ததையும் அது அலசியது. இரண்டாம் பாகத்தின் சாரம், நீரைக் குழாயில் அல்ல, பிறக்கும் இடத்திலேயே காக்கவேண்டும் என்பதும், அதற்கான அலகு ஆற்று வடிநிலமே என்பதும் ஆகும். 2006 இன் தூய நீர்ச் சட்டம் இதிலிருந்து பிறந்தது.

அதே காலத்தில்தான் றிச்மண்ட் ஹில் பகுதியில் மேட்டின் மீது எழவிருந்த பெரும் வீட்டுத் திட்டங்களுக்கு எதிரான மக்கள் போராட்டம் உச்சமடைந்தது. ஒக் றிட்ஜஸ் மொறெயின் பேணல் சட்டம் 2001 இலும், அதன் கீழான திட்டம் 2002 இலும் நடைமுறைக்கு வந்தன. இத்திட்டத்தை வாசிக்கும்போது அதனை எழுதியவர்கள் நீரை அறிந்தவர்கள் என்பது தெரிகிறது. மேட்டை நான்கு வகை நிலமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வடிநிலத்துக்கும் முழுமையான திட்டமும் நீர் வரவுசெலவுக் கணக்கும் தயாரிக்கும்படி பணித்தார்கள். மேட்டிலுள்ள கேணி போன்ற பனியுக ஏரிகளுக்குள் மழைக்கழிவுநீரை விடுவதை முற்றாகத் தடைசெய்தார்கள். ஒரு உப வடிநிலத்தில் கூரை, தார், கொங்கிறீற் முதலிய நீர் புகாத் தளங்கள் 10 சதவீதத்தைத் தாண்டும்படியான அபிவிருத்தி கூடாது என்றார்கள். அந்த 10 என்ற எண் கற்பனையில் பிறந்ததல்ல. நீர் புகாத் தளம் ஏறத்தாழ அந்த அளவை அடையும்போது சிற்றோடைகளின் உயிர்த்தொகுதி சிதையத் தொடங்குகிறது என்பதை 1990 களின் நகர நீரியல் ஆய்வுகள் எடுத்துக்காட்டியிருந்தன.

ஆனால் விதியை அதன் விதிவிலக்கோடு சேர்த்தே வாசிக்கவேண்டும். அந்த 10 சதவீத வரம்பு 'குடியிருப்புப் பகுதி' என வகுக்கப்பட்ட நிலத்துக்குப் பொருந்தாது. அதாவது, வீடுகள் எங்கே அதிகமாகக் கட்டப்படுமோ அங்கே வரம்பு இல்லை. மேட்டின் எல்லைக்குத் தெற்கே, ஊற்றுகள் ஓடைகளாகச் சேரும் சரிவின் பெரும்பகுதிக்கும் இத்திட்டம் செல்லாது. தலையைக் காப்பாற்றிய சட்டம் கழுத்துக்குக் கீழே போகவில்லை.

இன்னொரு உதாரணம் உப்பு. புதிய வீட்டுத் திட்டங்களின் மழைநீர்க் குளங்கள், வழிந்தோடும் நீரில் தொங்கிவரும் மண் துணிக்கைகளில் 80 சதவீதத்தை நீண்டகாலச் சராசரியில் அகற்றவேண்டும் என்பது திட்டத்தின் நீர்த்தர அளவுகோல். குளத்தில் நீர் தேங்கும், மண் அடியில் படியும், கணக்கு நிறைவேறும். ஆனால் குளிர்காலத்தில் வீதியிலும் கடைகளின் வாகனத் தரிப்பிடத்திலும் கொட்டும் உப்பு கரைந்துபோவது. கரைந்தது படியாது, எந்தக் குளமும் அதைப் பிடிக்காது. வீதி உப்பு சூழலுக்கு நச்சுத்தன்மையானது என்று கனடா அரசின் சொந்த மதிப்பீடே 2001 இல் முடிவுசெய்தது. நன்னீர் உயிர்களைக் காப்பதற்காக நீண்டகால அளவில் லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு என்ற வழிகாட்டல் 2011 இல் வந்தது. ரொறன்ரோப் பகுதியின் நகர ஓடைகளில் குளிர்காலத்தில் இதைத் தாண்டுவது ஒரு செய்தியே அல்ல. மேலும், மேட்டின் மணலுக்குள் இறங்கிய உப்பு நிலக்கீழ் நீரோடு நகர்ந்து கோடையிலும் ஓடைக்கு வருகிறது. 80 சதவீதம் என்ற தேர்வில் முழுப்புள்ளி பெற்ற குளம் இந்த உப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காரணம், அதனிடம் எவரும் அதைக் கேட்கவில்லை.

3. கூட்டல்

நான் ஊரில் புவியியல் கற்பித்தவன். இங்கு வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். வடிநிலங்களின் கூட்டுவிளைவு பற்றி நான் வகுப்பில் நடத்திய பாடத்தைவிடத் தெளிவாக அதை வேலைத்தளத்தில் காட்டலாம். எமது இயந்திரத்திலிருந்து வரும் தகடு ஒவ்வொன்றுக்கும் 'ரொலரன்ஸ்' என்ற ஒன்று உண்டு. சொன்ன தடிப்பைவிட இத்தனை கூடலாம், இத்தனை குறையலாம் என்ற சலுகை. தகடொன்றுக்கு 0.2 மில்லிமீற்றர் கூடலாம் என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தகடும் அந்தச் சலுகைக்குள் நின்று பரிசோதனையில் தேறிவிடும். பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 2 மில்லிமீற்றர் கூடிவிடும், ஆணி ஏறாது. எந்தத் தகட்டிலும் பிழை இல்லை. அடுக்கில்தான் பிழை. இதை அறிந்ததால்தான் தகட்டைச் சோதிப்பவர் வேறு, பொருத்திய முழுப் பாகத்தைச் சோதிப்பவர் வேறு என்று தொழிற்சாலை வைத்திருக்கிறது. இலாபம் ஒன்றையே கடவுளாகக் கொண்ட முதலாளிக்குக்கூட அந்த இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார்.

காணி மீளாய்வில் நடப்பது முதற் சோதனை மட்டுமே. இந்த 40 ஏக்கரில் 300 வீடு கட்டினால் ஓடைக்கு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு, 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்ற பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். அடுத்த 40 ஏக்கருக்கும் அது உண்மை. அதற்கடுத்ததற்கும் உண்மை. இருபது உண்மைகளின் கூட்டுத்தொகை, கோடையில் வற்றிப்போன ஒரு ஓடை.

கூட்டலைச் சட்டத்துக்குள் கொண்டுவரமுடியாது என்பதல்ல. வடக்கே சிம்கோ ஏரிக்கென 2008 இல் தனிச்சட்டம் வந்தது. 2009 இன் திட்டம், ஏரிக்குள் வருடாந்தம் சேரும் பொசுபரசை அப்போதிருந்த சுமார் 72 தொன்னிலிருந்து 44 தொன்னுக்குக் குறைக்கவேண்டும் என்று ஒரு மொத்த எண்ணைப் போட்டது. எட்டுவதற்கு அது கடினமான இலக்கு. ஆனால் மொத்த எண் ஒன்று இருந்தால்தான், ஒவ்வொரு புதிய திட்டத்தையும் பார்த்து 'இந்த 44 இல் உமது பங்கு எவ்வளவு, யாருடைய பங்கைக் குறைத்து உமக்குத் தருவது' என்று கேட்கமுடியும். றூஜுக்கு அப்படிச் சட்டபலம் கொண்ட மொத்த எண் கிடையாது. அதன் வடிநிலத் திட்டம் ஆலோசனை கூறியது, கட்டளையிடவில்லை.

4. அறிக்கையின் மொழி

இலக்கிய விமர்சனத்தில் பயிற்சி பெற்ற எமது நண்பர்கள் ஒரு நாளைக்கேனும் இந்த நீரியல் அறிக்கைகளை வாசித்துப் பார்க்கவேண்டும். அவற்றில் எழுவாய் இருப்பதில்லை. 'பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை', 'தணிப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்', 'கண்காணிப்புப் பரிந்துரைக்கப்படுகிறது'. எதிர்பார்க்காதவர் யார்? மேற்கொள்ளப்போவது யார்? வீடுகள் விற்று முடிந்து, கம்பனி அடுத்த வயலுக்குப் போன பிறகு கண்காணிப்பது யார்? செயப்பாட்டு வினைக்குள் பொறுப்புக் கரைந்துபோகிறது.

'அபிவிருத்தி' என்ற சொல்லையும் இவ்வாறே பார்க்கவேண்டும். அச்சொல் எம்மிடம் புதிதாக ஏமாற்ற வேண்டியதில்லை. மணலாறு வெலிஓயாவாகி, 1988 இல் மகாவலி 'எல்' வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, மகாவலியின் நீர் வராத நிலத்துக்கு மகாவலியின் பெயர் வந்தது. நீரின் பெயரால் நிலத்தின் உரிமை மாற்றப்படுவதைக் கண்டவர்கள் நாம். இங்கு நடப்பது அதுவல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது சோம்பேறித்தனமான ஒப்பீடாகும். ஆனால் 'அபிவிருத்தி' என்று ஒரு ஆவணம் சொன்னவுடன், யாருடைய நிலம், யாருக்கு, யார் கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்கும் பழக்கம் எமக்கு வந்திருக்கவேண்டும். இந்த மேட்டின் கணிசமான பகுதி 1923 இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட நிலம் என்பதும், அந்த ஒப்பந்தங்களின் அநீதிக்காகக் கனடா அரசு முதற்குடிகளிடம் மன்னிப்புக் கேட்டது 2018 இல்தான் என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

அறிக்கையின் மொழியைவிட முக்கியமானது அதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்பது. விண்ணப்பதாரரே ஆலோசகரை அமர்த்துகிறார். அவரே ஊதியம் கொடுக்கிறார். ஆலோசகர்கள் பொய்யர்கள் என்பதல்ல எனது வாதம். எங்கே ஆழ்துளை போடுவது, எத்தனை மாதம் அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்ற தெரிவுகளிலேயே முடிவின் பாதி அடங்கியிருக்கிறது. ஆகவே இரண்டாவது கண் வேண்டும். சுன்னாகத்தில் இதைக் கண்டோம். 2014, 2015 காலத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டபோது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் மாசு இருப்பதைக் காட்டின. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்றது. ஒரே கிணறு, இரண்டு அறிக்கை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி பணித்தது. நிபுணத்துவம் நடுநிலையானது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது ஒரு பாடம். இரண்டாவது அறிக்கை இருந்தபடியால்தான் வழக்கே இருந்தது என்பது அதைவிடப் பெரிய பாடம்.

5. 2022

ஒன்ராறியோவில் அந்த இரண்டாவது கண் பேணல் அதிகாரசபைகளாக இருந்தது. 1946 இன் சட்டத்தினால் உருவான இவை நகர எல்லையையோ தேர்தல் தொகுதியையோ அல்ல, ஆற்று வடிநிலத்தையே எல்லையாகக் கொண்டவை. 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது இப்பிரதேசத்தில் 81 பேர் மாண்டனர். ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிறைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். வெள்ளச் சமவெளியில் வீடு கட்ட விட்டதன் விலை அது. அதன் பின்னரே ரொறன்ரோப் பகுதிக்கான அதிகாரசபை 1957 இல் அமைந்து, ஆற்றோரக் காணிகளை வாங்கிப் பூங்காக்களாக்கியது. நாம் கோடையில் இறைச்சி வாட்டி உண்ணும் பள்ளத்தாக்குகள் பல அவ்வாறு காப்பாற்றப்பட்டவை.

மாநகரசபைகள் இந்த அதிகாரசபைகளோடு உடன்பாடு செய்து, வீட்டுத் திட்டங்களின் நீர், ஈரநிலம், வாழிடம் பற்றிய அறிக்கைகளை அவற்றிடம் அனுப்பிக் கருத்துப் பெற்றன. மேல்மட்டத்தில் ஏற்கெனவே எத்தனை திட்டம் வந்தது, கீழே எத்தனை வரவிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 2022 நவம்பர் 28 இல் நிறைவேறிய 23 ஆம் இலக்கச் சட்டமூலமும் அதன் ஒழுங்குவிதியும் 2023 ஜனவரி 1 முதல் இதனைத் தடைசெய்தன. வெள்ளம், மண்ணரிப்பு போன்ற இயற்கை ஆபத்துகளுக்கும் குடிநீர் மூலப் பாதுகாப்புக்கும் அப்பால், மாநகரசபை கேட்டாலும்கூட, வீட்டுத் திட்டங்கள் பற்றி அவை கருத்துச் சொல்லக்கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல், அவை வழங்கும் அனுமதிகளிலும் 'மாசுக் கட்டுப்பாடு', 'நிலப் பேணல்' என்ற இரு அளவுகோல்கள் நீக்கப்பட்டன. அதே குளிர்காலத்தில், அதாவது 2023 ஜனவரியில், அருகருகே கிடக்கும் சிறு ஈரநிலங்களைச் சேர்த்து ஒரே தொகுதியாக மதிப்பிடும் முறையும் கைவிடப்பட்டது. இனி ஒவ்வொரு குட்டையும் தனியே தேர்வெழுதவேண்டும், தனியே தோற்கும். 2025 யூனில் மாகாண அரசு உயிரினப் பாதுகாப்பில் 'வாழிடம்' என்ற சொல்லின் வரையறையையும் சுருக்கியது. அதே வருடம் ஒக்ரோபரில் 36 அதிகாரசபைகளை 7 ஆக இணைக்கும் யோசனையை அறிவித்தது. இவற்றைத் தனித்தனிச் சீர்திருத்தங்களாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நிர்வாக நியாயம் உண்டு. இங்கும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

23 ஆம் இலக்கச் சட்டமூலத்தோடு ஒட்டி வந்ததுதான் பசுமை வலய விவகாரம். 2005 இல் காக்கப்பட்ட வலயத்திலிருந்து 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை நீக்கி 50,000 வீடுகள் கட்டப்போவதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பிக்கரிங்கில் உள்ள டஃபின்ஸ்-றூஜ் விவசாய ஒதுக்கீடு இதில் மிகப்பெரிய துண்டு. கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் 2023 ஓகஸ்ட் 9 இல் வெளியிட்ட அறிக்கை, அண்மைக்காலத்தில் இம்மாகாணத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த அரசியல் உரைநடை என்பேன். அலங்காரம் இல்லை, எழுவாய் உண்டு. 15 இடங்களில் 14 ஐக் கொண்டுவந்தவர் வீடமைப்பு அமைச்சரின் அலுவலகத் தலைமை அதிகாரி. பெரும்பாலான இடங்கள் சூழல் அளவுகோல்களில் தேறவில்லை என்றவுடன் அளவுகோல்கள் கைவிடப்பட்டன. காணிச் சொந்தக்காரர்களின் சொத்து மதிப்பு 8.3 பில்லியன் டொலருக்கு மேல் உயரக்கூடும். அமைச்சர் செப்ரெம்பர் 4 இல் பதவி விலகினார். 21 ஆம் திகதி முதல்வர் டக் ஃபோர்ட் முடிவைத் திரும்பப் பெற்றார். டிசெம்பரில் காணிகள் சட்டப்படி வலயத்துக்குள் மீண்டன.

மக்கள் வென்றார்கள் என்று அன்று எழுதினார்கள். பாதி உண்மை. காணிகள் திரும்பின, மீளாய்வு திரும்பவில்லை. ஏக்கர் கண்ணுக்குத் தெரிவது. அதற்காகக் கூட்டம் கூடும். ஒரு ஒழுங்குவிதியில் இரண்டு சொற்கள் நீக்கப்பட்டதற்குக் கூட்டம் கூடாது. அடுத்த 8 பில்லியன் அந்த இரண்டு சொற்களின் வழியாக, ஊழல் எதுவும் இல்லாமல், சட்டப்படியே போகலாம்.

6. 'எமக்கு வீடு வேண்டாமா?'

எம்மவர் கூட்டங்களில் இதைச் சொன்னால் எழும் எதிர்வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மேட்டின் மீது ஏற்கெனவே இரண்டு ஏக்கர் காணியில் மாளிகை கட்டியவர்கள், தங்களுக்குப் பின்னர் கதவை மூட 'சூழல்' என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள் என்பது உண்மை. தம் தெருவில் நான்கு மாடிக் கட்டடம் வருவதை எதிர்ப்பதற்கு மரத்தின் நிழலைக் காரணம் காட்டுவோரை நானும் அறிவேன். வாடகை சம்பளத்தின் பாதியைத் தின்னும் தொழிலாளிக்கு றெட்சைட் டேஸ் மீன் பற்றிப் பிரசங்கிப்பது அசிங்கம் என்பதும் உண்மை.

ஆனால் கேள்வி, இந்த வீடுகள் அந்தத் தொழிலாளிக்கானவையா என்பது. அரசே நியமித்த வீடமைப்புச் செயலணி 2022 பெப்ரவரியில், பிரச்சினைக்குக் காரணம் நிலத் தட்டுப்பாடு அல்ல, கட்டியெழுந்த பகுதிக்குள்ளும் பசுமை வலயத்துக்கு வெளியேயும் நிலம் இருக்கிறது என்று எழுதியது. என்னோடு வேலை செய்பவர்களில் ஸ்ரோவ்வில்லில் இரட்டை வாகனக் கொட்டில் வைத்த வீட்டை வாங்கக்கூடியவர் எவருமில்லை. அவர்களுக்கு வேண்டியது பேருந்து ஓடும் தெருவில் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு அடுக்குமாடி. அது மேட்டுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. எம்மவரில் வீட்டு முகவர்களாகவும், சிறு கட்டட முதலாளிகளாகவும், அவர்களின் விளம்பரத்தில் ஓடும் பத்திரிகைக்காரராகவும் உயர்ந்த ஒரு வர்க்கம் உண்டு. 'எமது மக்களுக்கு வீடு' என்று அவர்கள் சொல்லும்போது, எந்த மக்களுக்கு என்று கேட்பது துரோகமாகாது.

மறுபுறம், வெள்ளம் யாருக்கு? 2005 ஓகஸ்ட் 19 இல் பெய்த மழையில் பிளாக் கிறீக் என்ற சிற்றோடை ஃபின்ச் பெருந்தெருவையே அறுத்துக்கொண்டு போனது. 2013 யூலை 8 இல் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. 2024 யூலை 16 இல் மூன்று மணித்தியாலத்துக்குள் 100 மில்லிமீற்றரை அண்டிய மழை. இம்மழைகளுக்கு மேட்டின் வீடுகள் மட்டும் காரணம் என்று சொல்வது பிழை. வானிலை மாறுகிறது, நகரின் பழைய குழாய்கள் தாங்கவில்லை. ஆனால் மண் குடித்திருக்கவேண்டிய நீர் தார்மீது ஓடும்போது, அது சேரும் இடம் பள்ளம். பள்ளத்தில் இருப்பது நிலக்கீழ் அறை. நிலக்கீழ் அறையில் இருப்பவர் நேற்று வந்த அகதி, படிக்க வந்த மாணவர், ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட தாய் தந்தையர். வீட்டுக்காரருக்குக் காப்புறுதி உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு நனைந்த மெத்தை மட்டும். ஆகவே நீர்த்தர மீளாய்வு என்பது மேட்டின் மாளிகைக்காரரின் கவலை என்பதைவிட, சரிவின் அடியில் குடியிருப்பவரின் உரிமை என்பதே பொருத்தம்.

7. என்ன கேட்பது?

மூன்று கோரிக்கைகளை விவாதத்துக்கு வைக்கிறேன். ஒன்று, வடிநில அமைப்புகள் வீட்டுத் திட்டங்களின் நீர் பற்றிக் கருத்துச் சொல்வதற்குள்ள தடை நீங்கவேண்டும். மாசும் நிலப் பேணலும் அனுமதியின் அளவுகோல்களாக மீளவேண்டும். இரண்டு, ஒவ்வொரு உப வடிநிலத்துக்கும் நீர் புகாத் தளத்துக்கும் குளோரைட்டுக்கும் மொத்த வரம்பு வேண்டும். அது குடியிருப்புப் பகுதிகளுக்கும் பொருந்தவேண்டும். மூன்று, ஆலோசகரின் ஊதியத்தை விண்ணப்பதாரர் நேரே கொடுக்காமல் பொது நிதியொன்றில் செலுத்தி, அதிலிருந்து மாநகரசபை ஆலோசகரை அமர்த்தவேண்டும்.

இவற்றைச் சொல்ல இடமுண்டு. 1993 இன் சுற்றாடல் உரிமைகள் சாசனத்தின் கீழ், சுற்றாடலைப் பாதிக்கக்கூடிய முக்கிய யோசனைகள் மாகாணத்தின் சுற்றாடல் பதிவேட்டில் குறைந்தது 30 நாட்களுக்கு மக்கள் கருத்துக்காக வைக்கப்படவேண்டும். பெயர் தெரிந்த குடிமகனாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கு இல்லை. மார்க்கத்திலும் ரொறன்ரோவிலும் தமிழ் வாக்குகளை எண்ணி வெல்பவர்கள் இருக்கிறார்கள். தைப்பொங்கல் மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, றூஜின் வடிநிலத் திட்டத்தை வாசித்தீர்களா என்று ஒருவரேனும் கேட்கவேண்டும்.

இரண்டாவது கோரிக்கைதான் எம்மிடையே அதிக சச்சரவை எழுப்பும் என்பதை அறிவேன். மொத்த வரம்பு வந்தால் வீட்டு விலை ஏறும் என்பார்கள். ஏறுமா, அல்லது உயரமாகக் கட்ட வைக்குமா என்பதை இலக்கங்களோடு எழுதக்கூடிய பொருளியல் நண்பர்கள் எம்மில் இருக்கிறார்கள். அடுத்த இதழில் அவர்களின் மறுப்பை எதிர்பார்க்கிறேன்.